நாய்க்கும் கோடை உண்டு

அடுப்படிக்குள் வந்து இதைப் படிக்கும் என் கணவரே, நம் வீட்டில் நடக்கவிருக்கும் ஓர் அநீதிக்கு நீங்களே சாட்சி. அதைச் செய்யவிருப்பவரும் நீங்களே.

கோடை விடுமுறைக்கு நீங்கள் தேர்ந்த கடற்கரை நகரில், வாடகை வீட்டுக்குள் மட்டுமே நாய்க்கு அனுமதி. கடற்கரையில் இல்லை, பூங்காவில் இல்லை, பேருந்திலும் இல்லை. 'நாய்க்கு அனுமதி உண்டு' என்ற விளம்பரத்தின் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். சென்ற ஆண்டும் அப்படித்தான். நம் நாய் மந்திரி ஒரு மாதம் முழுவதும் குளியலறைத் தரையில் கிடந்தது. அதைச் சொன்னால், "அதுக்கென்ன, சொகுசா தூங்குச்சு" என்கிறீர்கள். அது தூங்கவில்லை, நம் காலடியோசைக்காகக் காத்திருந்தது. அதற்கு இப்போது பதினொரு வயது.

மேடையில் மூன்று மணி நேரம் பேசுபவள் நான். உங்களிடம் மூன்று நாளாக இதையே சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதி வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. மந்திரியின் மாத்திரையை அதன் உணவுக்குள் ஒளித்துக் கொடுங்கள். கையில் நீட்டினால் உங்களைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான்கு மணிக்கு அந்தக் கடற்கரை வீட்டின் தரகர் ஒப்பந்தத்தோடு வருவார்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: ஓர் ஆற்றங்கரை நகரில் வீடு வாடகைக்கு விடும் வீட்டுக்காரம்மாவிடம் பேசினேன். அங்கே பேருந்திலும் நாய் ஏறலாம், ஆற்றிலும் இறங்கலாம். "கூட்டிட்டு வாங்கம்மா, எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு" என்றார். கடல் இல்லையே என்று வருந்துவீர்கள். எனக்கும் கடல் பிடிக்கும். ஐந்து மணிவரை நமக்காக வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார். தரகரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த அம்மாவை அழையுங்கள்.