பெல் அடிக்காத அரைமணி நேரம்

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லா,

உன் மகன் அருளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மெல்பர்னிலிருந்து படம் அனுப்பினான். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம் அந்தப் பிள்ளை. நீ போய்ப் பார்த்திருக்க வேண்டியவள்.

அவனைப் பார்க்கப் போகவிருந்த அந்தப் பயணத்துக்கு நீ பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? எச்.ஐ.வி. மாத்திரைப் போத்தலை ஏர்போர்ட்டில் யாராவது எடுத்துச் சத்தமாகப் படித்துவிடுவார்களோ என்று பயந்து, ஒட்டியிருந்த சீட்டைக் கிழிக்கப் பார்த்தாய். கிழிக்கக் கூடாது, டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் வைத்துக்கொள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கேமரன் மலையில், நம் ரிங்லெட் ஊர் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "இது என் மருந்து, லெட்டர் இருக்கு" என்று இங்கிலீஷில் சொல்லிப் பழகினாய். நான் சிரித்தேன். செத்துப்போன உன் வீட்டுக்காரர் உனக்கு விட்டுப்போனது அந்த நோய் ஒன்றுதான். அருளுக்குக்கூட நாம் சொல்லவில்லை. வெறும் ரத்தசோகை என்றோம்.

ரத்தசோகையும் உண்மையாகவே வந்து சேர்ந்தது. விமானத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ரத்தம் ஏற்றினால்தான் போகலாம் என்றார்கள். ரத்தப் பையைத் தொங்கவிட்ட தமிழ் நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள்: "நடுங்குனாலோ அரிச்சாலோ உடனே பெல் அடிங்க அங்கிள்."

கொஞ்ச நேரத்தில் "குளிருதுண்ணே" என்றாய். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினேன். பிறகு உன் பல் கிடுகிடுத்தது. பெல்லுக்குக் கை நீட்டினேன், நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வேணாம்லா அண்ணே. ஃபைலைத் தூக்கிட்டு வந்து நோயப் பத்திச் சத்தமா கேப்பாங்க. பக்கத்துக் கட்டில்ல நம்ம சர்ச் பாட்டுக்குழு அக்கா படுத்திருக்காங்க."

உன் பேச்சை என்றைக்காவது கேட்டிருக்கிறேனா? அன்றைக்குப் பார்த்துக் கேட்டேன். அரைமணி நேரம் உன் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் தானாக வந்து பார்த்தபோது உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலமே போய்விட்டாய்.

ரத்தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இனி யாரிடம் போய் இதைக் கேட்பேன், சொல்லு?

ஞாயிற்றுக்கிழமைதோறும் அருள் போன் செய்கிறான்.

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க மாமா?"

"குளிருதுன்னு சொன்னா."

"கேமரன்ல எப்பதான் குளிரல" என்று சிரிக்கப் பார்க்கிறான். உண்மையைச் சொன்னால் நீ உயிரைவிடப் பெரிதாகக் காத்த ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால், கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நல்ல மாமா நான். என்னால் முடியவில்லை, ஸ்டெல்லா.

டிக்கெட் அனுப்பியிருக்கிறான். அடுத்த மாதம் போகிறேன். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், உன் நோயின் பேரையும், நான் பெல் அடிக்காததையும். அதற்குப் பிறகு பிள்ளையை என் கையில் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். இந்த ஒன்றை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்கிறேன், கோபப்படாதே.

உன் கூடப்பிறந்த,
பெரியண்ணன்