சிப்பிக் கொட்டகையில் என் இடம்

டிசம்பர் 17
இன்றும் மூச்சு இழுப்பு. ஆண்டுக் கடைசி, ஹிரோஷிமா சந்தைக்கு இரட்டிப்புச் சிப்பி உடைக்க வேண்டும். ஓடெல்லாம் ஹோயா என்கிற அந்தக் கடல் பிராணி அப்பியிருந்தது. கத்தி பட்டதும் முகத்தில் பீச்சும் அந்தச் சனியன். பத்து நிமிடத்தில் நெஞ்சு அடைத்தது. ஹோயா போகச் சிப்பியைக் கழுவி அனுப்புங்கள், என் தலைக்கு மேல் ஒரு விசிறியாவது வையுங்கள் என்று முதலாளி ஒகுமோத்தோவிடம் மறுபடியும் சொன்னேன்.
“முப்பது வருஷமா அதே ஹோயாதானேக்கா? உங்களுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்.”
பக்கத்து இடத்தில் சிப்பி உடைக்கும் மிசாவோ சிரித்தாள். சிரிக்கட்டும்.

டிசம்பர் 22
மருத்துவமனையில் புது டாக்டர். ரத்தத்தில் ஏதோ நொதியை அளந்து ஆராய்கிறாராம். ஆஸ்துமா சீறினால் ஏறுமாம், மருந்து வேலை செய்தால் இறங்குமாம். “ஜனவரி நாலு வாங்க, பாட்டி.”
பாட்டியாம். எனக்குப் பிள்ளையே கிடையாது.

ஜனவரி 8
நாலாம் தேதி எடுத்த ரத்தத்தில் நொதி சாதாரணமாம். எப்படி இருக்காது? புத்தாண்டுக்கு ஆறு நாள் கொட்டகை மூடிக் கிடந்தது, நான் வீட்டில் மோச்சி அரிசிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தேன்!
ஒகுமோத்தோ கேட்டார், சொன்னேன். “பாத்தீங்களா, ரத்தமே சொல்லிடுச்சு!”

ஜனவரி 9
டாக்டரோடு சண்டை. கொட்டகையிலிருந்து நேரே வருகிறேன், அப்போது ரத்தம் எடுங்கள் என்றேன். இருபத்திரண்டாம் தேதிக்கு ஒப்புக்கொண்டார். மூச்சோடு உறிஞ்சும் மருந்தும் கொடுத்தார்: “இன்னைக்கே ஆரம்பிங்க.”
அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எடுத்தால் நொதி இறங்கிவிடும். பிறகு எவன் நம்புவான்?

ஜனவரி 15
வீட்டுக்குப் போகும் மேடு ஏற நான்கு முறை உட்கார்ந்தேன். மருந்து எடுக்கவில்லை.

ஜனவரி 19
மூச்சு விட முடியல. செத்துப்போனா என்னடி பண்ணுவ? — சாக மாட்டேன். இன்னும் மூணு நாள்.

ஜனவரி 24
இருபத்திரண்டாம் தேதி கொட்டகையிலிருந்து ரப்பர் ஏப்ரனோடு போய் நின்றேன். டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. “மருந்து எடுத்தீங்களா இல்லையா?”
“முதல்ல ரத்தத்தை எடுங்க.”
எடுத்தார்கள். பிறகு இரண்டு நாள் பிராணவாயுக் குழாயோடு படுக்கை.

ஜனவரி 29
நொதி மூன்று மடங்கு! ஹோயாச் சாற்றைத் தோலில் குத்தியும் பார்த்தார்கள், காசு அளவுக்குத் தடித்தது. டாக்டர் கடிதமே எழுதிக் கொடுத்தார். ஒகுமோத்தோ அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்தார்.
“மன்னிச்சிடுங்கக்கா. இனிமே நீங்க இந்தக் கொட்டகைக்குள்ள காலே வைக்கக் கூடாது. உடம்புதான் முக்கியம்.”
நான் கேட்டது விசிறி.

பிப்ரவரி 3
மருந்து, காலையும் மாலையும். வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 26
நொதி இறங்கிவிட்டது. “பிரமாதம், பாட்டி!”
திரும்பும்போது எங்கும் நிற்காமல் மேடு ஏறினேன், கொட்டகை வாசலில் மட்டும் நின்றேன். சுவரில் புது விசிறி சுற்றுகிறது, என் இடத்துக்கு நேர் மேலே. கீழே மிசாவோ.
“அக்கா! இங்க நின்னா என்னமா காத்து வருது தெரியுமா?” என்று கத்தியை ஆட்டினாள்.
அவள் முன்னால் குவிந்திருந்த சிப்பியில் ஒரு ஹோயாகூட இல்லை. கழுவி அனுப்பியிருந்தார்கள்.