சாப்ஸ் மேசையும் பொடி மேசையும்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலில் அசிங்கத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பத்தொன்பது வருடமாகக் கம்பளி வெட்டும் கூட்டத்துக்கு ஊர் ஊராகப் போய்ச் சமைத்துப் போடுகிற நோரீன் டக்வெல், அதாவது நான், இன்று காலை இறைச்சி அறைக்குள் தொங்குகிற இரண்டு முழு ஆடுகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு ஸ்ட்ராபெரி மெலிவுப் பொடியைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன்.

பிடித்தவள் ஹூயா. எட்டு வெட்டுக்காரர்களில் ஒரே பெண். நியூசிலாந்து மாவோரிப் பழங்குடி. வாய் மட்டும் அங்கேயும் இங்கேயுமாக இரண்டு நாட்டுக்குக் காணும். மணிக்கட்டு வீக்கத்துக்கு ஐஸ் எடுக்க வந்தாளாம்.

"ஆன்ட்டி, மீசை ரோஸ் கலர்ல இருக்கு."

துடைத்தேன்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"பன்னெண்டு நாளா."

"எளச்சியா?"

"கோவந்தான் ஏறியிருக்கு."

"அதான் நேத்து ரொட்டியக் கருக்கிப் போட்டியா? நான் ஏதோ காதல் தோல்வின்னுல்ல நெனச்சேன்!"

காரணம் அவளுக்கும் தெரியும். போன மாதம் கோபார் ஊர் பப்பில் என் நாற்காலி உடைந்தது. நான் அதில் உட்கார்ந்திருந்தேன். பப்பே எழுந்து கைதட்டியது. நாற்காலி பழசு என்று இன்றுவரை நம்புகிறவள் நான் ஒருத்திதான்.

அதோடு விட்டதா இந்தத் திங்கட்கிழமை? மதியம் முதலாளி கெவ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கெவ் தொப்பியைக் கழற்றினால் யாராவது செத்திருக்க வேண்டும் அல்லது யாருக்காவது வேலை போயிருக்க வேண்டும். பின்னால் டேன். கம்பளி வெட்டும் கொட்டகையிலேயே வேகமான கை அவனுடையது. தோளில் ஒரு பெரிய புரதப் பொடி மூட்டை, மூட்டையில் மடக்கிய புஜத்தின் படம்.

"கோவிச்சுக்காத நோரீன். டேனோட மச்சான் கம்பெனி. தண்ணில கலக்கிக் குடிச்சா போதுமாம். கறி, முட்டை, அடுப்பு, விறகு எதுவும் வேணாம். அடுத்த கொட்டகையிலேர்ந்து..."

"நான் வேணாம்."

"அப்படி நான் சொல்லல."

"பொடிக்கு வாய் கெடையாது கெவ், அதுவும் ஒரு வசதிதானே!"

டேன் சிரித்துவிட்டான். பையன் கெட்டவன் இல்லை. மூளையையும் அந்த மூட்டையில் கொட்டிவிட்டான், அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தைரியம். சொன்னேன்: இந்தக் கொட்டகை முடிய மூன்று வாரம். நாலு பேர் என் மேசையில், நாலு பேர் பொடி மேசையில். எந்த மேசை அதிக ஆட்டுக்குக் கம்பளி வெட்டுகிறதோ அதுவே அடுத்த கொட்டகைக்கு. தோற்றால் என் வாணலியை நானே கழுவி வண்டியில் ஏற்றுகிறேன்.

கெவ் தொப்பிக்குள் சீட்டுப் போட்டார். ஹூயா என் பக்கம். டேன் சீட்டே எடுக்கவில்லை. அவன் பொடி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த டாரவிண்டா பண்ணையில் பதினெட்டாயிரம் மெரினோ ஆடு. என் தலையெழுத்தை எழுத இத்தனை ஆடு தேவைப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காலை என் மேசைக்கு ஓட்ஸ் கஞ்சி, எலும்போடு வாட்டிய ஆட்டுச் சாப்ஸ், ஆளுக்கு மூன்று முட்டை. பொடி மேசையில் நாலு பேர் பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள். கூடவே ஆளுக்கொரு புரதப் பார். சாக்லேட் என்று எழுதியிருக்கிறது. செங்கல் சூளையில் சுட்டது.

நாளுக்கு நாலு சுற்று வேலை. மூன்றாம் சுற்றில் பொடி மேசைக்கு வாயு ஆரம்பித்தது. ஆடுகளே திரும்பிப் பார்த்தன என்கிறாள் ஹூயா. அதனால்தான் ஆடு திமிராமல் மயங்கிக் கிடக்கிறது, அதனால்தான் டேன் வேகமாக வெட்டுகிறான் என்பது அவளுடைய ஆராய்ச்சி.

வாயு இருந்தாலும் அவர்கள்தான் முன்னால்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல் வாரம் முடிந்தது. நாற்பத்தோரு ஆடு பின்னால் இருக்கிறோம்.

கரண்டியோடு கணக்குப் பலகை முன்னால் போய் நின்றேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் நாற்பத்தொன்றுதான்.

எங்கே போவேன்? டப்போவில் தங்கை வீட்டில் ஒரு அறை இருக்கிறது. அவள் புருஷன் நாள் முழுக்க டி.வி.யில் பௌல்ஸ் பந்துருட்டல் பார்ப்பான். அவனுக்கு ரெண்டு டோஸ்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? நானா? ஐம்பத்து நாலு வயசுல? வெட்டுறவங்க, கையாளுங்கன்னு பதினாலு பேர் ஒரே நேரத்துல தட்ட நீட்டலேன்னா எனக்குக் கை கால் எங்க வைக்கிறதுன்னே தெரியாதே!

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் நல்ல கறி, நல்ல முட்டை என்று பிரசங்கம் செய்கிறவள் இறைச்சி அறையில் ரோஸ் மீசையோடு நிற்கிறாள். என் சாப்பாட்டை நானே நம்பவில்லை என்றால் கெவ் ஏன் நம்ப வேண்டும்?

மிச்சமிருந்த மெலிவுப் பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். நெருப்பே முகத்தைச் சுளித்தது. பிறகு வெங்காயத்தோடு ஈரல் வறுத்து, இரண்டு முட்டை உடைத்துப் போட்டு, உட்கார்ந்து, தட்டில் வைத்து, மனுஷி மாதிரி சாப்பிட்டேன். பதினாறு நாளில் முதல் முறை. அடடா!

ஆகஸ்ட் 9, சனி

எலி. இந்த வருடம் எங்கே பார்த்தாலும் எலி. சாமான் அறையில் புகுந்து என் பால் பொடி மூட்டையையும் டேனின் புஜ மூட்டையையும் கந்தலாக்கிவிட்டன. நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். (உடையவில்லை. பதிவு செய்கிறேன்.)

காப்பாற்றியவன் ஸ்லிம். கம்பளியைப் பேல் என்கிற பெரிய மூட்டையாக அழுத்திக் கட்டுகிற ஆள். நூற்று முப்பது கிலோ, அதனால்தான் ஸ்லிம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தப்பிய இரண்டு வெள்ளைப் பொடியையும் மூடி போட்ட இரண்டு தகர டின்களில் கொட்டி, "நசுங்கினது உன்னோடது, நல்லது அவனோடது" என்று ஒன்றை என்னிடம் தந்துவிட்டு மற்றதை டேன் குடிசைக்குத் தூக்கிப் போனான். நல்ல டின் ஏன் எனக்கு இல்லை என்று கேட்டதற்கு, "நீயும் டின்னும் பொருத்தமா இருக்கட்டும்னுதான்" என்றான்.

பதிலுக்குப் பேல் நிறுக்கும் தராசில் ஏறிக் காட்டினேன். இந்தப் பண்ணையில் வேறு தராசு கிடையாது. தொண்ணூற்று நாலு.

"குறை எடை," என்றான் ஸ்லிம், படு சீரியஸாக. "நூத்திப் பத்து கிலோ இல்லாத பேல் மூட்டைய ஏத்துமதிக்கு எடுக்கவே மாட்டாங்கம்மா. இந்தக் கொட்டகையில நான் ஒருத்தன்தான் ஏத்துமதித் தரம்."

கோபார் பப் முழுக்கச் சேர்ந்து தராத ஆறுதலை இந்தக் குண்டன் ஒரு நொடியில் தந்துவிட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒன்பது ஆடு மீட்டோம்! ஒரே நாளில்! ஈரல், பூசணிக்காய், பீன்ஸ். ஈரல் வேலை செய்கிறது.

தேநீரில்தான் வெள்ளையாகக் கட்டி கட்டியாக மிதக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மாறியிருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

அரிசிக் கஸ்டர்ட் செய்தேன். வாழ்நாளில் இப்படி வந்ததில்லை. கரண்டியை நட்டால் நிற்கிறது. ஹூயா மூன்று கிண்ணம் தின்றுவிட்டு, "ஆன்ட்டி, வெனிலா எவ்ளோ போட்ட?" என்றாள். வெனிலா தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. கைமணம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனி மூட்டை கட்டும்?

பொடி மேசையிலும் இன்று குலுக்கல் சத்தம் குறைவு. டேன் என்னைச் சீண்டினான்: "எங்க பொடி இப்பல்லாம் சும்மா வெண்ணெ மாதிரி கரையுது நோரீன். வாயுகூட நின்னுபோச்சு. உடம்பு ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம்."

"ஆடுங்க நிம்மதியாத் தூங்கும்," என்றேன்.

இருபது ஆடு பின்னால்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆறு! ஆறே ஆறு!

கெவ் பலகையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் வந்து சும்மா நின்றார். ஒரு கிண்ணம் கஸ்டர்ட் வைத்தேன். வழித்துச் சாப்பிட்டார். தொப்பி தலையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முழங்கால் வலி இல்லை. எழுதும்போது தட்டிப் பார்த்துக்கொள்கிறேன், நிஜமாகவே இல்லை. வாசல் கதவை ஓங்கிச் சாத்துவதும் நின்றிருக்கிறது. ஹூயா சொல்லித்தான் தெரிந்தது, போன மாதம் முழுக்க எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'இடி'.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரண்டு ஆடு முன்னால்!! கரண்டியோடு பலகைக்கு ஓடினேன். குழம்பு சொட்டச் சொட்ட. என் பின்னாலேயே கொட்டகை நாய்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் தூறல். வழக்கப்படி ஆளுக்கு இரண்டு ஆட்டின் கம்பளியை வெட்டிப் பார்த்துவிட்டு, ஈரமா காய்ந்ததா என்று சீட்டில் எழுதித் தகரத்தில் போட்டார்கள். நனைந்த கம்பளியை வெட்ட மாட்டார்கள்; ஈரம் என்று அதிகச் சீட்டு விழுந்தால் இன்று வேலை இல்லை. பொடி மேசையில் ஒருவனுக்குத் தொடைப் பிடிப்பு, ஒருவனுக்குத் தலைச்சுற்றல். அவர்களுக்கு ஓய்வு வேண்டும். என் ஆட்கள் வெட்டியே தீருவோம் என்று நிற்கிறார்கள். நாலுக்கு நாலு வரும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காய்ந்தது ஐந்து, ஈரம் மூன்று!

பொடி மேசையில் எவனோ கட்சி மாறியிருக்கிறான். யார்? ஸ்லிம் ஒவ்வொருவர் முகமாக முகர்ந்து பார்த்தான்.

ஆனால் நாள் அவர்களுடையது. டேன் தனியாளாக இருநூற்றுப் பதினாலு. நாங்கள் ஐந்து பின்னால். ஐயோ.

ஆகஸ்ட் 21, வியாழன்

சமம். ஒரு ஆடு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. (பொய். இறங்கியது. இரண்டு தடவை.)

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவசரமாகக் கிறுக்குகிறேன், எழுத்துக்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான்.

காலை சிறுநீரகமும் முட்டையும். ஸ்மோக்கோ என்கிற தேநீர் இடைவேளைக்கு ஆட்டுக்கறி சாண்ட்விச், கட்டி மிதக்கும் தேநீர். மதியம் வாட்டிய தொடைக்கறி, உருளைக்கிழங்கு, கீரை, பெரிய பாத்திரம் நிறையக் கஸ்டர்ட். பால் பொடி டின்னை அடிவரை சுரண்டும் அளவுக்கு வந்துவிட்டது, போகட்டும், கடைசி நாள்.

கடைசிச் சுற்றில் அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டகைக்கே போய்விட்டேன். இயந்திரச் சத்தம், எண்ணெய் நாற்றம், வியர்வை. டேன் குனிந்தால் நிமிர்வதில்லை. ஆனால் அவன் பக்கத்தில் மற்ற மூவரும் சாணை பிடிக்காத கத்தி மாதிரி இழுத்தார்கள். ஐந்து இருபத்தொன்பதுக்குப் பலகையில் என் மேசை இரண்டு ஆடு முன்னால். மணி அடிக்குமுன் பிடித்த ஆடு கணக்கில் சேரும். கெவ் கை மணிக்கயிற்றில். டேன் ஓடி ஒன்றை இழுத்தான். ஹூயா ஒன்றை இழுத்தாள். இன்னொருவன்—என் மேசை—வழுக்கி விழுந்து, விழுந்த வாக்கிலேயே ஒன்றின் காலைப் பிடித்தான். மணி!

மூன்று ஆடு. மூன்றே மூன்று ஆட்டில் ஜெயித்தோம்!

ஹூயா என்னைத் தூக்கப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு. பாதி தூக்கினாள்.

கெவ் வந்தார். "நோரீன், அடுத்த கொட்டகை பூர்க் பக்கம். பெரிய அடுப்பு. புகை போக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும்."

"பண்ணட்டும்," என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு டேன் தட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான். நாலு சாப்ஸ் வைத்தேன். நாலும் போனது. அப்புறம் தலை குனிந்தபடியே சொன்னான்:

"அன்னிக்குக் காஞ்சதுன்னு எழுதினது நான்தான்."

"நீயா? ஏன்டா?"

"ஈரம்னு விழுந்தா உன் அடுப்புக்கும் லீவு. வாசனையாவது வரட்டுமேன்னு... மூணு வாரமா அத மோந்துதான் உயிரோட இருந்தேன்."

மேசையே சிரித்தது. நான் இன்னும் இரண்டு சாப்ஸ் எடுக்கும் சாக்கில் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

நல்ல கறி, நல்ல முட்டை, கீரை, பூசணி. வேறு எதுவும் வேண்டாம் மனுஷனுக்கு. கெவ் இதை ஊர் ஊராகச் சொல்லப்போகிறாராம். பூர்க் கொட்டகைக்காரர்களுக்கு இப்போதே ஃபோன் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

மூட்டை முடிச்சுக் கட்டும் நாள். தராசில் கடைசியாக ஏறினேன். தொண்ணூற்றைந்து. "முன்னேற்றம்," என்றான் ஸ்லிம்.

பாத்திரம் எல்லாம் கழுவியாயிற்று. என் நசுங்கிய பால் பொடி டின்னைக் கடைசியாகக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் ஒட்டியிருந்த பொடியோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் அளவுக் கரண்டி விழுந்தது. அதன் பிடியில் மடக்கிய புஜம்.