பென்சிலில் எழுதிய நீலம்

உனக்கு,

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அந்த அழுகிய முட்டை வாசனை மட்டும் போகவில்லை. காலையில் பாப்பனங்கோட்டுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிய ஒரு மனையில் குழி வெட்டினோம். மேலே இரண்டடிக்குச் செம்மண், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டி நிரவியது. அதற்குக் கீழே நம்முடைய பழைய ஆள் உட்கார்ந்திருந்தான்: கரமனையாறு கரை மீறின காலத்திலெல்லாம் கொண்டுவந்து படியவைத்த களிமண். மனைக்காரி குழியின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்து, "இது எந்தா சேச்சி, நீலமோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். கத்தியை எடுத்து, நீ செய்வாயே, அதுபோலக் குழிச்சுவரில் ஒரு சீவு சீவி மூக்கருகே கொண்டுபோனேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வாசனை வந்ததும் நீயும் வந்துவிட்டாய்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்ததே எனக்கு இன்னும் வேடிக்கைதான். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரரின் மகள் நீ. கரமனை அக்ரஹாரத்தில் அரிசியில் கல் பொறுக்குவதைத் தவிர மண்ணோடு ஒட்டுறவே இல்லாமல் வளர்ந்தவள் நான். கல்லூரியில் ஒரே பெஞ்சு, பிறகு அதே மண் பரிசோதனைக் கூடத்தில் இருவருக்கும் வேலை. வீடு கட்டப் போகிறவர்களின் மனையில் குழி வெட்டி மண்ணைப் பையில் கட்டிக் கொண்டுவருவது உன் பாடு. அதைத் தட்டில் கொட்டி, பார்த்து, சோதித்து, அறிக்கை எழுதுவது என் பாடு. நீ முழங்கால் சேற்றோடு உள்ளே வரும்போது நான் ஃபேனுக்குக் கீழே சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். "என்னட்டி சன்னல் ராணி, காத்து வருதா?" என்று கேட்பாய். கோபம் வரும். ஆனாலும் உனக்கு டீ ஊற்றி வைத்திருப்பேன்.

நம் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மண்ணின் நிறத்தைக் களத்தில் எழுதக் கூடாது; கூடத்தில், சன்னல் வெளிச்சத்தில், நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வெயிலில் கண் ஏமாறும் என்பது காரணம். அதனால் பையோடு வரும் சீட்டில் இடம், ஆழம், தேதி எல்லாம் இருக்கும், நிறம் என்ற கட்டம் மட்டும் எனக்காகக் காலியாக இருக்கும். நீ அடங்குகிறவளா? அந்தக் கட்டத்தில் பென்சிலால் மெல்லிசாக ஏதாவது எழுதிவிட்டுத்தான் கொடுப்பாய்.

ஆற்றங்கரைக் களிமண் என்றால் உனக்குக் கொண்டாட்டம். சிட்டிகை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி நீட்டுவாய். மணல் கலந்திருந்தால் சட்டென்று அறுந்துவிடும். இது அறாமல் ரிப்பன் மாதிரி நீண்டு தொங்கும். "பாத்துக்கோ, இதுக்குள்ள போன தண்ணி லேசுல வெளிய வராது" என்பாய். மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பங்குனியில் அதே மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். ஒருமுறை அந்தப் பிளவுக்குள் உன் ஸ்கேலை விட்டாய், கடைசி அங்குலம் வரைக்கும் உள்ளே போய்விட்டது. எடுக்க முடியாமல் நாம் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

எனக்கு அதிசயமாக இருந்தது அந்தத் துருக்கோடுகள்தான். சாம்பல் மண்ணுக்குள் அங்கங்கே நூல் பிடித்தாற்போல் சிவப்பாக ஓடும். புழுவா, சாயமா, யாராவது ஆணி புதைத்தார்களா என்றெல்லாம் கேட்டேன். நீ ஒரு கோட்டை நெடுக்காகப் பிளந்து காட்டினாய். உள்ளே மக்கிப்போன ஒரு வேர். தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் காற்றே கிடையாது. நெல்லின் வேர் மட்டும் மேலேயிருந்து கொஞ்சம் காற்றைக் கொண்டு இறங்கியிருக்கிறது. அது போன வழியில் மட்டும் இரும்பு துருப்பிடித்திருக்கிறது. மேட்டு நிலத்தில் நம் ஊர் மண்ணைச் சிவப்பாக்குவதும் பள்ளத்தில் இதை நீலமாக்குவதும் ஒரே இரும்புதான், நடுவில் காற்று உண்டா இல்லையா என்பதுதான் வித்தியாசம் என்றாய். "எங்கப்பா கடையில மழைக்காலத்துல துருப்பிடிக்குமே, அதே இரும்புதான் ஏட்டி. காத்து படுததுக்கு முன்ன பாத்தாத்தான் அது யாருன்னு தெரியும்."

கேட்டுக்கொண்டேன். மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

சுபாவுக்காக ஒரு மனையைப் பார்த்தோமே, அது அந்த வருஷம்தான். என் தங்கை கழக்கூட்டத்தில் ஐடி வேலைக்குப் போய், அங்கேயே ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு. ஆற்றின் மேல்புறம், எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மனை கிடைத்தது. முன்னால் வயல், அப்புறம் வாழை, அப்புறம் செம்மண் கொட்டி மனை. "அக்கா, மண் சரியாக்கும்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போறும்" என்றாள். உன்னிடமும் அவளுக்கு ஒட்டுதல் அதிகம். ஆற்றுக்கால் அம்மன் கோவில் பொங்கலுக்குத் தெருவோரத்தில் நாம் மூன்று பேரும் அடுத்தடுத்துத்தான் செங்கல் வைத்து அடுப்பு மூட்டுவோம். உன் பானையில்தான் முதலில் பொங்கும், சுபா பொறாமைப்படுவாள்.

நல்ல கோடை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நீ பைகளைக் கொண்டுவந்தாய். நான் அவற்றைத் தட்டுகளில் கொட்டிப் பரப்பிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்து வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தட்டில் நல்ல பழுப்பு மண். வாசனையும் இல்லை. சீட்டை எடுத்தேன். நிறக் கட்டத்தில் உன் பென்சில் எழுத்து: நீலம்.

இதை யாருக்கும் சொன்னதில்லை, உனக்குக்கூட இப்படி விவரமாகச் சொன்னதில்லை. நான் நீலம் என்ற அந்த வார்த்தையைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன், ரப்பரை எடுத்து அழித்தேன். சந்தோஷமாக அழித்தேன். வெயிலில் உனக்குக் கண் ஏமாந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாருடைய மனையாவது இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். பழுப்பு, சுமாரான வடிகால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே சுபா அம்மாவிடம் சொல்ல, பூஜை அறை எந்தப் பக்கம் வரும் என்று அம்மா கேட்டாயிற்று. அஸ்திவாரக் கல் போட நாளும் பார்த்துவிட்டார்கள்.

புதன்கிழமை நீ அறிக்கையின் நகலைப் படித்தாய். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வா, ஒரு சினிமா காட்டுதேன்" என்றாய். அந்த மனைக்குத்தான் போனோம். நீ புதிதாக ஒரு குழி எடுத்து, அடியிலிருந்து கைகொள்ளாத ஒரு கட்டியைப் பெயர்த்து ஒரு பழைய செய்தித்தாளில் வைத்தாய். நீலம். சாம்பல் கலந்த, பச்சைக்குப் பக்கத்தில் போகிற நீலம். இன்னொரு பக்கம் ஒரு சின்னக் குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாய். இரண்டுக்கும் நடுவில் வாழையிலை நிழலில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்தோம்.

பார்த்துக்கொண்டே இருந்தும் அது மாறுகிற கணத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. டீ முடிவதற்குள் கட்டியின் விளிம்புகள் மங்கின. எட்டு மணி வெயில் ஏறியபோது மேல்தோல் சாம்பல். பத்து மணிக்கு அங்கங்கே காவி. நீ உடைத்துக் காட்டினாய், உள்ளே இன்னும் நீலமாகவே இருந்தது. மத்தியானம் கிளம்பும்போது வெளிப்புறம் என் தட்டில் இருந்த அதே பழுப்பு. ஊற்றிய தண்ணீர் ஓர் அங்குலம்கூட இறங்காமல் நின்றது. செப்டிக் டேங்க் தண்ணீர் எங்கே போகும், இந்த மண் ஊறி ஊறிக் காயும்போது மேலே நிற்கிற சுவர் என்ன ஆகும் என்று நீ ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, கூடவே வெட்கமில்லாமல் ஓர் ஆச்சரியமும் வந்தது: இரண்டு நாள் காற்றில் ஒரு மண் தன் ஜாதகத்தையே மாற்றிக்கொள்ளுமா?

அன்று ராத்திரியே சுபாவுக்குப் போன் செய்து, மண் சரியில்லை, அங்கே வீடு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மறுநாளே அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. "ஒரு வாரத்துல எப்படி மண்ணு மாறும்? யாரு எழுதினது மொதல்ல?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து நின்றாய். "என் தப்புதான் சுபா. களத்துல நான் சரியாப் பாக்கல. உங்க அக்கா என்ன செய்வா, வந்த சீட்டத்தான எழுதுவா." அவள் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

அவள் போன பிறகு உன்னிடம் சண்டைக்கு வந்தேன், யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய் என்று. அதற்கு மட்டும் எனக்கு வீரம் இருந்தது. நீ சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "உனக்குன்னு அம்மாவ விட்டா அவ ஒருத்திதான இருக்கா. எனக்குச் சாலைக் கடைத்தெருவே இருக்கு. அவ கோவம் ஆறட்டும், அப்புறம் நீயே சொல்லு."

அவள் கோபம் ஆறவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சுபா தன் செங்கற்களை எடுத்துக்கொண்டு ஆபீஸ் தோழிகளோடு வேறு தெருவுக்குப் போய்விட்டாள். அம்மா அடுத்த வருஷம் தவறிப்போனாள். சுபா பக்கத்தில் வந்து குடியிருக்கவே இல்லை. மனை பார்த்த அந்த வருஷ மழைக்காலத்தில் நான் தனியாகப் போய் அந்த மனையைப் பார்த்தேன். மழை நின்று பத்து நாள் கழித்தும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, கொக்குகள் நின்றன. உன் கணக்கு சரி. அதை அவளிடம் சொல்லப் பத்துத் தடவையாவது போனை எடுத்திருப்பேன். நீ சரி என்று சொன்னால் யார் தப்பு என்றும் சொல்ல வேண்டும். அதனால் வைத்துவிடுவேன். நீ ஒரு தடவைகூட "சொல்லிட்டியா?" என்று கேட்டதில்லை. நீ கேட்காததையே நான் சாக்காக வைத்துக்கொண்டேன். உன் காரியத்துக்குச் சுபா வரவில்லை. உன் அண்ணன் கேட்டபோது அவளுக்கு ஆபீஸில் லீவு இல்லை என்று பொய் சொன்னேன்.

இன்று காலை அந்த மனைக்காரி கேட்டாளே, நீலமா என்று. என் சீட்டில் நிறக் கட்டம் இப்போது களத்திலேயே, குழிக்குள் நின்றபடியே நிரப்பப்படுகிறது. அந்த வழக்கத்தை மாற்றிவிட்டேன், உன் பெயரைச் சொல்லாமல். நீலம் என்று எழுதினேன். எழுதின கையோடு அப்படியே பஸ் ஏறினேன். கழக்கூட்டம் வரைக்கும் ஒரே நெரிசல்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றுகொண்டாள்.

சுபா கதவைத் திறந்து, "என்னக்கா இது, இந்தக் கோலத்துல?" என்றாள். உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். சீட்டு, ரப்பர், ஞாயிற்றுக்கிழமை, நீ எழுந்து நின்றது, நான் உட்கார்ந்தே இருந்தது, எல்லாம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ இத்தனை வருஷம் நான் அவகிட்டப் பேசாம இருந்தது உன் தப்புக்காகவா?"

"ஆமாம்டி."

"அவ போனதுக்குக்கூட நான் வரலையே அக்கா."

பிறகு அவளே கேட்டாள், குரலே மாறியிருந்தது. "அதுக்கப்புறம் அவ என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாளா?"

கேட்டாய். ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், பேச்சே சிரமமாக இருந்தபோது, என் கையைப் பிடித்து, "சுபாவுக்கு வீடு அமைஞ்சுதா?" என்றாய். அதையும் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிஃப்ட் வந்து போய் வந்து போயிற்று, நான் ஏறவில்லை. உள்ளே அவள் அழுவது கேட்டது. இனி அவள் என்னோடு பேசுவாளா, எப்போது பேசுவாள் என்று தெரியாது. ஆனால் அந்தக் கோபத்தை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷம் நீ இதை எப்படித்தான் இவ்வளவு சத்தமில்லாமல் சுமந்தாயோ.