மூணாவது ஆல்பத்துல கிடார் இருக்கு

யோவ் ராபின்,

நைட் ஷிப்ட் முடிச்சு வந்ததும் ஹாட்பாக்ஸ்ல இருக்கிற இட்லியை சாப்ட்டுட்டுப் படு. சிலிண்டர்காரன் வருவான், பெல் அடிச்சா எழுந்துரு.

நேத்து என் தம்பி தீனா எதிர்ல இன்னா சொன்னே? "இன்னா பேண்டுமே இது? மூணாவது ஆல்பத்துல கிடாரே இல்ல, வெறும் டிரம்மு!" டின் ஹார்பர்ஸோட மொத ஆல்பம் வெறும் கோவம். ரெண்டாவது அதோட காப்பி. நாலாவது டப்புக்காகப் போட்டது. அந்த மூணாவதுதான்யா பேண்டே! மெல்லிசா, கீச்சுனு ஒரு கிடார் கடைசி வரைக்கும் வரும். சர்ச்சுல கிடார் வாசிக்கிற நீயே இப்டி பேசலாமா?

உன்னைத் திட்றதுக்காகவே காலைல மறுபடி போட்டேன். கிடார் நல்லாவே கேக்குது. அப்பதான் குக்கர் ஞாபகம் வந்துச்சு. நேத்து பக்கத்துலயே உக்காந்துகினு இருந்துட்டு, "விசிலே வரல"ன்னியே. பருப்பு தீஞ்சே போச்சு.

ரோலிங் மில்லுல அந்த இரும்பு சத்தத்துக்குன்னு குடுத்த இயர் பிளக்கை என்னிக்காச்சும் வெச்சியா? சாயங்காலம் பொன்னேரில காது டாக்டரைப் பாக்கறோம். பேஜாரு பண்ணாத.

ஜெபா

சிலிண்டரைப் பக்கத்து ஊட்டு அஸ்வினிகிட்ட எறக்கச் சொல்லிட்டேன். பெல்லுக்காக நீ முழிச்சுகினு இருக்க வேணாம்.