நான் நான்காக எண்ணிய ஒரு வேலை

இன்று காலை திருவொற்றியூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் சட்டையிலிருந்து வெல்டிங் ராடு கருகிய வாசனை வந்தது. உடனே உன் நினைவு. இத்தனைக்கும் நீ வெல்டர் இல்லை; நம் சமுதாயக் கல்லூரியில் ஏசி மெக்கானிக் வகுப்பு எடுத்தவன். அந்த வகுப்பை மூட வைத்தவன் நான்.

எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதைத்தான் இனிச் சொல்லித்தர வேண்டும் என்றது நிர்வாகம். கணக்கெடுக்கும் வேலை எனக்கு. எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இணையத்தில் வந்த வேலை விளம்பரங்களை எல்லாம் எண்ணினேன். காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, மணலி, எங்கு பார்த்தாலும் வெல்டர். என் அறிக்கையை வைத்து உன் வகுப்பை எடுத்துவிட்டு வெல்டிங் கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்கு வேலை பிடித்துத் தரும் பொறுப்பில் உன்னைப் போட்டார்கள். நீ என்னிடம் முகம் சுளிக்கவில்லை.

முதல் செட் முடிக்கும் சமயத்தில் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனாய். என் பட்டியலிலிருந்து நான்கு விளம்பரங்களை எடுத்து, அவற்றிலிருந்த எண்களுக்கு போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினாய். விளம்பரம் கொடுத்திருந்த நான்கு கான்ட்ராக்டர்களும் ஒரே கம்பெனி கேட்டை, ஒரே ஷிஃப்டைச் சொன்னார்கள்.

"கீறது ஒரு வேல மாமு. அத்த யார் புடிக்கிறதுனு நாலு பேரும் ஆள் சேத்துகினு கீறானுங்க. நீ அத்த நாலா எண்ணி வச்சிக்கீற."

"ரிப்போர்ட் போயிடுச்சுடா. இப்போ தப்புன்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றேன். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் அசிங்கமாக இருக்கிறது.

"சரி வுடு. பசங்களுக்கு நான் பாத்துக்கறேன்" என்றாய்.

அன்றிலிருந்து பையில் அவர்களுடைய சான்றிதழ் நகல்களோடு கேட் கேட்டாக அலைந்தாய். வியாசர்பாடியிலிருந்து வந்த பெண், வகுப்பிலேயே நன்றாக வெல்டிங் செய்தவள், அவளுக்கே இருபது நாள் வேலைதான் கிடைத்தது. அதற்குள் அதே அறிக்கையை நம்பி அடுத்த செட்டையும் சேர்த்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் ஒரு கேட் முன்னால் வரிசையில் நின்றிருந்தபோது மயங்கி விழுந்தாய். காவலாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் போன் செய்து, எந்த கேட், எத்தனை பேர் என்று கேட்ட பிறகுதான் எண்ணுகிறேன். ஆனால் பழைய அறிக்கை தப்பு என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. வெல்டிங் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நேற்று ராயபுரத்திலிருந்து உன் மனைவி வந்திருந்தாள். கூடவே பிளஸ் டூ முடித்த உன் மகள், கையில் வெல்டிங் வகுப்பு விண்ணப்பத்தோடு.

"கணக்குனா உங்க கணக்குதானு வூட்ல சொல்லிகினே இருப்பாருண்ணா. நீங்க பாத்து வச்ச கிளாஸாச்சே, கண்ண மூடிகினு சேக்கலாம்னு வந்துட்டோம்."

டீக்கடையில் நடந்ததை நீ வீட்டில்கூடச் சொல்லவில்லை. என் பெயரைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். நான், "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். சொன்னால், நீ எதற்காக அந்த வெயிலில் நின்றாய் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அதே கேட் முன்னால் உன் மகள் நிற்பாள்.