நடுவில் நிற்கும் பிள்ளைக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம், அந்த முழங்கால் எப்போதும் தனிக்கட்சி என்பது உனக்கே தெரியும். நீயும் அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்பதை உன்னைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன், எப்படியென்றால் போன ஞாயிற்றுக்கிழமை உன் மேஜர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பதறாதே, உட்கார்ந்து படி. கேம்ப் முடிகிறவரை உங்கள் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்களாமே, அதனால்தான் கடிதம். வீட்டில் ஒரு பேனாவும் எழுதவில்லை, சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிக்கு அடையாளம் போடுகிற பேனாவால் எழுதுகிறேன், மை மறுபக்கம் ஊறியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொள். எவ்வளவு துவைத்தாலும் போகாத மை.

மேஜர் நம் ஊர்க் கிடங்கிலிருந்து புதுக் கூடாரங்களை எடுத்துப்போக வந்தாராம், வந்த இடத்தில் நம் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாம். கூட உன்னோடு பயிற்சி எடுக்கிற ஒரு பெண்ணும் வந்தாள், கூடாரங்களை எண்ணிச் சரிபார்க்க. நீங்களெல்லாம் தீப்பெட்டி என்று கூப்பிடுவீர்களாமே, அந்தப் பெண். மணி அடித்தபோது அப்பா பனியனோடு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், லிஃப்ட் மெக்கானிக்குக்கு லீவு நாளிலும் எதையாவது பிரித்துப் போட வேண்டும். மாமா வழக்கம்போல் டிவி முன்னால். நீ ஆபீசர் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு பச்சைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார், பத்துப் பன்னிரண்டு பை இருக்கும், ஒன்றில் ரிமோட், ஒன்றில் கண்ணாடி, மற்றதிலெல்லாம் வயிற்றுப்பொருமல் மாத்திரை. உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் எந்தப் படை எந்தப் பக்கமாக வந்திருக்க வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு அவருடையது. மேஜர் சாதாரணக் கோடு போட்ட சட்டையில் வந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் மாமாவைத்தான் மேஜர் என்றும், மேஜரை ஏதோ இன்சூரன்ஸ் ஆள் என்றும் நினைத்துக்கொண்டு போனார். அப்பா மேஜரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெரியவர் நிற்கும்போது தான் உட்காரக்கூடாது என்று மேஜரும் நின்றார். மேஜர் நிற்கிறாரே என்று அப்பா உட்காரவில்லை. நான் டீ போட்டு எடுத்து வரும்வரை இரண்டு பேரும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்கள், மாமா ஒருத்தர்தான் சௌகரியமாக இருந்தார்.

உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு மேஜர் டீயைக் கீழே வைத்து, "உங்க பையன்கிட்ட ஒரு கோளாறு இருக்கும்மா" என்றார். கோளாறு என்னவென்றால் நீ எல்லாவற்றிலும் நடுவில் வருகிறாயாம். நாற்பது பேர் ஓடினால் இருபதாவது. நீந்தினாலும் நடு, சுட்டாலும் நடு, வரைபடம் படித்து வழி கண்டுபிடிக்கிற பரீட்சையிலும் நடு. முதல் வருஷம் அவர் இதைக் கவனிக்கவேயில்லையாம். நடுவில் வருகிறவனை யார் கவனிக்கிறார்கள், அதற்காகத்தானே நடுவில் வருவது. உனக்குச் சராசரி என்று பெயர் வைத்துக் கூட்டாளிகள் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்ததாம். ஒருநாள் பாதிக்கு மேற்பட்டவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு மிச்சம் பத்தொன்பது பேரை ஓடவிட்டிருக்கிறார், நீ பத்தாவது. அடுத்த வாரம் நல்ல ஓட்டக்காரர்களாகப் பொறுக்கி, உன்னையும் சேர்த்துப் பதினொரு பேரை ஓடவிட்டிருக்கிறார், நீ ஆறாவது. "முதலா வர்றதுக்குப் பாடுபடறவனைப் பார்த்திருக்கேன், ஓடாம தப்பிக்கப் பாடுபடறவனைப் பார்த்திருக்கேன், நடுவுல வர்றதுக்கு இப்படி உயிரைக் குடுக்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துப் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பாராட்டும்தானாம். நடுவில் வர வேண்டுமானால் எத்தனை பேர் ஓடுகிறார்கள், யாருக்குக் கால் வலி, யார் வலி என்று நடிக்கிறான், யார் கடைசியில் பாய்ந்து வருவான் என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம். முதலில் ஓடுகிறவனுக்குத் தன் மூச்சுதான் கேட்கும், உனக்கு எல்லார் மூச்சும் கேட்கிறதாம். காட்டு நடைப்பயிற்சியில் இரண்டு பேர் குறைகிறார்கள் என்று தலையை எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் யார், எந்த இடத்தில் செருப்புக்கடி பார்க்க உட்கார்ந்தார்கள் என்று நீ சொன்னாயாமே, செருப்பு இல்லை பூட்ஸ், எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே உன்னைக் கேடட் கேப்டனாகப் போட்டு நாற்பது பேரையும் ஒரு பருவம் நடத்தச் சொன்னாராம். வேண்டாம் என்றாயாம். போன பருவமும் வேண்டாம், இந்தப் பருவமும் வேண்டாம். காரணம் கேட்டதற்கு, "ஆசை இருக்கு சார், ஆனா வீட்ல ஒரு வாக்கு குடுத்திருக்கேன்" என்றாயாம், யாரிடம் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டாயாம். கூப்பிட்டும் முன்னால் நின்று நடத்த மறுக்கிறவனுக்குக் காலேஜ் பட்டம் கிடைக்கும், தோளில் நட்சத்திரம் கிடைக்காது என்று அவர் விளக்கினார். கேம்ப் முடிகிற நாள்தான் கடைசி, அதற்கு மேல் அவராலும் காத்திருக்க முடியாதாம். யாரிடம் கொடுத்த வாக்கு என்று கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் மனுஷன். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். அப்பா தன் முழங்காலைப் பார்த்தார்.

நான்தான் என்று ஒத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது. உன்னை முதல்முதல் காலேஜுக்குப் பஸ் ஏற்றிவிட்டபோது, "முன்னாலயும் நிக்காதே, பின்னாலயும் நிக்காதே, நடுவுல நில்லு, எனக்கு வாக்கு குடு" என்று ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நீயும் சரி என்றாய். தலைக்கு எண்ணெய் வை என்றால் கேட்டதில்லை, ஸ்வெட்டர் போடு என்றால் கேட்டதில்லை, பிறந்ததிலிருந்து நான் சொன்னதில் இதை ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வாய் என்று யார் கண்டது. தெரிந்திருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி மிஷினுக்குத் தடுப்புக் கம்பி இல்லை என்று முதலில் எழுந்து கேட்டவளை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள், பிறகு எந்தக் கட்டிடத்திலும் அவளைக் காணோம். ஆள் குறைத்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை அனுப்பினார்கள். நடுவில் நின்று விரிப்பு மடித்தவர்கள் இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறோம். மேற்பார்வையாளராக வா என்று என்னையே இரண்டு தடவை கூப்பிட்டார்கள், நான் போகவில்லை, போனவர்கள் யாரும் இப்போது இல்லை. இதையெல்லாம் மேஜரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். நான் விடவில்லை, "முன்னால நிக்கிறவனுக்குத்தானே சார் முதல் அடி விழும்?" என்று கேட்டேன். ஏதாவது சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான். மாமா வாயைத் திறந்தார், மாத்திரை போட்டுக்கொண்டு மூடிவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

அந்தத் தீப்பெட்டிப் பெண் இவ்வளவு நேரமும் கதவோரம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது கேட்டால் காற்று மட்டும்தான் வந்தது, குரல் வரவில்லை. சளியா என்று கேட்டேன், இல்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினாள். சரி வா என்று சமையலறைக்குக் கூட்டிப்போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுத்தேன். சட்டைக் கையை மடித்தபோதுதான் பார்த்தேன், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு. கிசுகிசுவென்று சொன்னாள், போன பருவத்திலிருந்தே இவள்தான் தலைமையாம், ஆறு கடக்கிற பயிற்சியில் தலைமையில் இருக்கிறவர்தான் கயிற்றை எடுத்துக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்க வேண்டுமாம், தண்ணீர் இழுத்துப் பாறையில் கை கிழிந்துவிட்டதாம், தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு ஒருத்தர் என்பதுதானே முறை, இவள் ஏன் இரண்டாவது பருவமும் நடத்துகிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அது. மனசு கேட்காமல், "உங்கம்மா உன்கிட்ட ஒண்ணும் சொல்லி அனுப்பலையா கண்ணு?" என்று கேட்டேன். கொப்பளித்துத் துப்பிவிட்டு, வந்த கொஞ்சம் குரலில், "எங்கம்மாவும் நடுவுல நில்லுன்னுதான் சொன்னாங்க ஆன்ட்டி. போய்ப் பார்த்தா அங்க ஏற்கெனவே உங்க பையன் நின்னுட்டிருந்தான்" என்றாள். குத்திக் காட்டவில்லை, கோபமும் இல்லை, கூடாரக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கட்டுமா என்று வேறு கேட்டாள். எனக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை, என் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு மாமா, முன்னால் நின்றும் அடிபடாமல் இருக்க மூன்று வழி இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார், டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா சாப்பிடும்போது, "லிஃப்டுல நடுவுல நின்னா மட்டும், கயிறு அறுந்தா மேலேயா போகப்போறான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான், அதையும் வாயில் சோற்றோடு சொன்னதால் நான் முதலில் குழம்பு கேட்கிறார் என்று நினைத்து ஊற்றிவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தேன், கை பாட்டுக்கு மடித்தது. அந்தக் கட்டுப் போட்ட கைதான் கண்முன்னால் நின்றது. நான் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, என்னை நாளைக்கே மேற்பார்வையாளராகக் கூப்பிட்டாலும் போகமாட்டேன், அது வேறு. நடுவில் இருப்பவனுக்கு ஆபத்துக் குறைவு என்பது நிஜம்தான். அந்த ஆபத்து யார் தலையில் போய் உட்காருகிறது என்று மட்டும் நான் ஒருநாளும் பார்க்கவில்லை, பஸ் ஜன்னலில் உன் முகம்தானே தெரிந்தது.

ஆகவே கேள். என்னிடம் கொடுத்த வாக்கை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இது மேஜர் சொல்லி எழுதுவதல்ல, அவர் எழுதச் சொல்லவும் இல்லை. உனக்கு ஆசை இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய், சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்து சல்யூட் அடித்தவன்தானே நீ. கேம்ப் முடியக் காத்திருக்காதே, இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே போய்ச் சரி சார் என்று சொல். அந்தப் பெண்ணுக்குத் தொண்டை சரியாகட்டும். முன்னால் நிற்பதற்காக முட்டாள்தனம் எதுவும் செய்யாதே, இப்போது போலவே எல்லார் மூச்சும் காதில் கேட்கட்டும். ஈரக் காலுறையோடு படுக்காதே. நீயும் உன் நாற்பது பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், போன இடத்திலெல்லாம் போன எண்ணிக்கையோடு திரும்பி வர வேண்டும். மறக்காமல் அந்தப் பெண்ணிடம் அவள் வீட்டு முகவரி வாங்கி அனுப்பு, அவளுடைய அம்மாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் நான் இங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், முகம் தெரியாத அந்த அம்மா என் பங்குக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது கண்ணா, ரொம்பப் பயமாக இருக்கிறது. இருக்கட்டும். இனிமேல் என் பயத்தை நானே பட்டுக்கொள்கிறேன். நீ போய் முன்னால் நில்.

இப்படிக்கு,
உன் அம்மா